காறை எலும்பு

இருநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில்
மூன்று விலா எலும்பு முறிந்து
குதிரையிலிருந்து விழுகிறான் வீரன்.
இருநூற்றுப் பன்னிரண்டில்
அரசியின் சன்னலுக்குக் கீழே நின்று பாடுகிறான்.

பாடட்டும்.
விலா முறிந்தவன் தும்மக்கூடப் பயப்படுவான் என்று
எழுதியவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்.
பதினாறு வருடமாக யீஷூனில்
எக்ஸ்ரே எடுப்பவள் நான்.
ஈயக் கவசம் நாலு கிலோ.
அதை மாட்டிக்கொண்டு யாரையும் காதலிக்க முடியாது,
தண்ணீர் குடிப்பதே சிரமம்.

எண்ணூறு வருடப் பழைய கதை.
வீரனுக்குப் பெயர் இருக்கிறது,
குதிரைக்கு இருக்கிறது, வாளுக்குக்கூட.
அவள் வெறும் அரசி.
வேறொருவன் மனைவி, அது ஒரு பொருட்டில்லை.
ஒரு வருடம் பேசாதே என்றாள்.
பேசவில்லை.
வருடம் முடிந்த அன்று தொடங்கிய பாட்டுத்தான் இது.
அவளுக்குக் கண் உண்டு, கழுத்து உண்டு, கையுறை உண்டு.
இடுப்பு வலித்தது என்று ஒரு வரி இல்லை.

நம்மவர்கள் மட்டும் என்ன?
பனங்கருக்கில் குதிரை கட்டி
எருக்கம்பூச் சூடி
ஊர் நடுவே ஏறி வருவேன் என்றான் ஒருவன்.
உயர்நிலைப் பள்ளியில் அதைக் காதல் என்று எழுதி
நல்ல மதிப்பெண் வாங்கினேன்.
இப்போது படித்தால் மிரட்டல் மாதிரி இருக்கிறது.
தெருவில் நின்று ஒருவன் ரத்தம் சிந்தினால்
கதவைத் திறந்துதான் ஆகவேண்டுமா?
உள்ளே இருப்பவளுக்குத்
தூக்கம் வந்திருக்கலாம்.

பத்து மணிக்கு விழுந்தவன்
மூன்றேகாலுக்குத்தான் என்னிடம் வந்து சேர்ந்தான்.
சியாஸ்வான், இருபத்தாறு வயது,
உணவு விநியோகத்தின் பச்சைச் சட்டை.
லெண்டோர் வளைவில் மழை, மணல், மோட்டார்சைக்கிள்.
இடது காறை எலும்பு
தோலை முட்டிக்கொண்டிருந்தது, கூடாரக் கம்பு போல.
அசையாதே என்றேன்.
கேக் பெட்டி என்னாச்சு என்றான் மலாயில்.

பாண்டான் கேக். பதினாலாம் மாடி.
மெழுகுவத்தி தனிப் பையில்.
பன்னிரண்டு அடிக்குமுன் வேண்டும் என்றாளாம்.
அவளை அவன் பார்த்ததில்லை,
ஃபோனில் பெயர் மட்டும்.
மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்ப வேண்டும்,
வலது கை நன்றாகத்தானே இருக்கிறது என்றான்.
மூச்சை இழுத்துப் பிடி என்றேன்.
பிடித்தான்.

திரையில் எழுந்தது வெள்ளை எலும்பு
இரண்டு துண்டாக,
ஒன்றையொன்று பார்க்காமல்.
காறை என்பது கழுத்தில் பூட்டும் நகைக்கும் பெயர்.
எலும்புக்கு அதை வைத்தது யாரோ,
கழுத்துகளை உற்றுப் பார்த்தவராக இருக்க வேண்டும்.
வீரமா, கூலியா, நட்சத்திரம் குறைந்துவிடும் பயமா,
எதுவும் படத்தில் விழவில்லை.
ஆறு வாரம் ஆகும்.
அவன் அதைக் கேட்கவில்லை.

விடிந்ததும் 858-இல் ஏறினேன்.
எனக்காக யாரும் குதிரையிலிருந்து விழுந்ததில்லை.
கருணாகரன், கல்யாணத்துக்கு முன் ஒருமுறை,
நான் மறந்துவைத்த குடையைக் கொடுக்க
செம்பவாங் வரை வந்து
கொடுக்காமல் திரும்பிப் போனார்.
ஏன் என்று நானும் இன்றுவரை கேட்கவில்லை.
அந்தக் குடை இன்னும் வீட்டில் இருக்கிறது,
ஒரு கம்பி வளைந்து.

காலைச் சாப்பாட்டுக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்தபடி
இருநூற்றுப் பதின்மூன்றைத் திறந்தேன்.
சன்னல் திறக்கவில்லை. பாட்டு ஓயவில்லை.
முட்டாளே, படுத்துக்கொள் என்றேன் அவனிடம்.
முட்டாளே, எட்டிப் பார் என்றேன் அவளிடம்.
முதல் பாகம் அங்கேயே முடிந்துவிட்டது.

நூலகச் செயலியில் தேடினேன்.
இரண்டாம் பாகம், ஒரே பிரதி,
எனக்கு முன்னால் மூன்று பேர்.

மூன்று பேரா!
இந்தத் தீவில் எந்தப் புளோக்கில், எந்த மாடியில்,
சலவையைக் காயப்போட்டு
பிள்ளையின் கணக்குப் பாடத்தைத் திருத்தி முடித்து,
இந்த அபத்தத்துக்குக் காத்திருக்கிறார்கள்?

நாலாவதாக நானும் அழுத்தினேன்.